அராவிய நம்பர்

அன்று துறைமுகத்தடியில் என் பழஞ்சாமான் கடையில் மூன்று பேர் இருந்தோம்: நான், எனக்குக் கடன் தந்த கிண்ணியா ஊர் முதலாளி, பாய்க்கப்பலில் வந்த ஜெர்மன்காரர். வெள்ளைக்கார மாலுமி ஒருவன் விற்றுவிட்டுப் போன ஜெர்மன் போர்ப்பதக்கத்தை, அந்தக் கடன் காசில்தான் வாங்கியிருந்தேன். இரும்புச் சிலுவை. ஜெர்மன்காரர் காந்தத்தை வைத்தார், ஒட்டியது. சிரித்தார். பிறகு பதக்கம் தொங்கும் வளையத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"இதில இருந்த நம்பர் எங்க எண்டு கேக்கிறார்," என்று தமிழில் சொன்னார் முதலாளி.

"நான்தான் அரத்தால அராவினனான். நேவி ஸ்டோர் நம்பராக்கும், பொலிசு பிடிக்குமெண்டு பயந்திட்டன்."

"அது பதக்கம் செய்த கொம்பனியின்ட நம்பராம். அராவினதை அசலெண்டு நம்ப ஏலாதாம். என்ட காசையெல்லோ அராவியிருக்கிறாய் தம்பி!"

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த நம்பரும் அரசாங்கத்துடையதுதான். பதக்கத்தை யாரும் வாங்கவில்லை. முதலாளிக்கு இன்னும் நூற்றெண்பது ரூபா கொடுக்கவேண்டும்.