ஆகஸ்ட் மாதத்துச் சாரதாமணி

சாரதாமணியைப் பற்றி யார் எழுதினாலும் நல்லவிதமாகத்தான் எழுதுவார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

வெண்ணந்தூரில் முருகானந்தத்தின் தறிப்பட்டறையில் நாங்கள் இருவரும் பாவு பிணைக்கிறவர்கள். தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் தீர்ந்ததும் புதுப் பாவைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை, ஒவ்வொன்றாக. தறிக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து, நான் இடது ஓரத்திலிருந்தும் அவள் வலது ஓரத்திலிருந்தும் ஆரம்பிப்போம். குனிந்த தலை நிமிராமல் நகர்ந்து நகர்ந்து வந்து, தோளோடு தோள் இடித்தால் வேலை முடிந்தது. ஒன்பது வருஷமாக இப்படித்தான். ஆளுக்குப் பாதி என்றே நினைத்திருந்தேன்.

அவள் பனமரத்துப்பட்டியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட நாலு வயது சின்னவள். புருஷன் ரங்கன் ரிக் வண்டியில் போர் போடப் போகிறவன். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்காவது கிடப்பான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அவனிடமிருந்து போன் வராத நாள் இல்லை. என் வீட்டுக்காரர் உள்ளூரிலேயே இருக்கிறார். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவள் போனைக் காதில் வைத்துச் சிரிக்கும்போது எனக்குச் சோறு இறங்காது. போதாததற்கு அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி, நர்சிங் படிக்கும் மகள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலண்டர் விஷயத்தில்தான் முடியவில்லை.

ராசிபுரத்து நூல்கடைக்காரர் ஒருவர், புது வருஷக் காலண்டருக்குச் சாமி படம் வேண்டாம், நம் பக்கத்துத் தொழில்களையே போடலாம் என்று முடிவு செய்தார். ஜனவரிக்கு ஜவ்வரிசி காயும் களம், பிப்ரவரிக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை, பிறகு ரிக் வண்டி, கொலுசு என்று போய், ஆகஸ்டுக்குத் தறி. தீபாவளிக்கு முந்திய வாரம் போட்டோக்காரர் வந்தார். நான் புதுச் சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். அவள் எப்போதும்போலப் பழைய சேலைக்கு மேல் ரங்கனின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கச் சொன்ன போட்டோக்காரர், பிணைத்து முடிக்கிற நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

மார்கழியில் காலண்டர் வந்தது. பட்டறையில் எல்லோரும் முதலில் ஆகஸ்டைத்தான் புரட்டினார்கள். தாள் நிறையச் சாரதாமணி. தாழ்ந்த கண், சாம்பல் படிந்த விரல், நெற்றியில் விழுந்த முடி. இடது ஓரத்தில் ஒரு மணிக்கட்டும் மூன்று பச்சைக் கண்ணாடி வளையலும் தெரிந்தன. அந்த மணிக்கட்டுதான் நான்.

எனக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுக என்ன இருக்கிறது, எரிந்தது. டீக்கடைக்காரர் ஜனவரியிலேயே ஆகஸ்ட் தாளைத் திருப்பி மாட்டியிருந்தார். போட்டோக்காரருக்கு அவள் காபி வாங்கிக் கொடுத்துக் காரியத்தைச் சாதித்துக்கொண்டாள் என்று நான் ரெண்டு பேரிடம் சொன்னேன். அது பொய். அவள் காதுக்கும் போயிருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து பட்டறை திறந்த அன்று, ஒரு சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு தறியின் பின்சட்டத்திலும் பாவின் நட்டநடுவுக்கு நேராகக் கோடு கிழித்தேன்.

"உன்ற பாதிய நீ பாரு. என்ற பாதிய நான் பாத்துக்கறேன்."

"சரிங்க்கா" என்றாள்.

கோடு வரைக்கும் பிணைத்துவிட்டு அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனபோது, என் பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் பாக்கி இருந்தது. சாம்பல் ஈரம் என்று நினைத்தேன். அடுத்த பாவில் நூல் சரியில்லை என்றேன். அதற்கடுத்து என் பக்கம் வெளிச்சம் போதவில்லை என்று இடம் மாற்றிக்கொண்டேன். அதற்கும் "சரிங்க்கா" என்றாள். வலது பக்கத்திலும் அதே ஒரு சாண் என்னைப் பார்த்து இளித்தது. வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்கு எப்போதும் அவளோடுதான் பஸ் ஏறுவேன். அந்த வருஷம் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவள் போய்வந்து எனக்கு ஒரு டஜன் பச்சை வளையல் கொடுத்தாள். குத்திக்காட்டத்தான் பச்சை வாங்கியிருக்கிறாள் என்று அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என் வீட்டுச் சுவரிலும் அவள் வந்து உட்கார்ந்தாள். அன்றுதான் படத்தின் மேல்பகுதியைப் பார்த்தேன். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு தறிக்கும் நேர் நடுவில் ஒரு டியூப்லைட் தொங்கும். படத்தில் அது சாரதாமணியின் தலைக்கு மேல் இருந்தது. போட்டோக்காரர் அவளைத் தேடிப்பிடித்து எடுக்கவில்லை. தறியின் நடுவை எடுத்திருக்கிறார். தன் பாதியை எப்போதோ முடித்துவிட்டு என் பாதிக்குள் கையை நீட்டியபடி அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நான் நடுவுக்கு வந்து சேரவே இல்லை.

மறுநாள் பலகையில் உட்கார்ந்ததும் கேட்டேன். "எத்தன வருசமா என்ற பங்கையும் நீ போடற?"

சாம்பலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "வந்த புதுசுல இருந்துதானுங்க்கா. ஊட்டுல மாமியா படுத்த படுக்கையா இருக்குது, வெரசாப் போகோணும்னு சொல்லீட்டே இருப்பீங்க. அதானுங்க."

என் மாமியார் செத்து ஐந்து வருஷம் ஆகிறது. சாவுக்கு வந்து மூன்று நாள் என் வீட்டில் சோறு ஆக்கிப்போட்டவளே இவள்தான்.

உனக்குக் கை மந்தம் என்று ஒருநாளாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. முடி, மகள், போன் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பொறாமையாக இருந்தது. நானாக இருந்தால் இரண்டாம் நாளே ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

முந்தானையால் சாக்பீஸ் கோட்டை அழித்தேன். வேலையை ஆரம்பித்தோம். இந்த முறை அடிக்கடி நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தேன். அவள் அதற்கு நேர்கீழே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீ போ. ரங்கன் போன் பண்ற நேரம். மிச்சத்த நான் போட்டுக்கறேன்."

போனாள். வெளியே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது, எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த ஒரு சாண் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. கழுத்து கடுத்தது. கடைசி இழையை முறுக்கிவிட்டு நிமிர்ந்தேன். டியூப்லைட் என் தலைக்கு நேர்மேலே இருந்தது. போட்டோ எடுக்கத்தான் யாரும் இல்லை.