மூன்று சோடி வெள்ளைச் சப்பாத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாளன்று, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம் வியாபார வேன்கள் வந்து நிற்கும். வாளி, பொம்மை, சேலை என்று என்ன கேட்டாலும் கிடைக்கும். பாதிப் பேர் வாங்கிய சம்பளத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் லயத்து வீடுகளுக்குப் போவார்கள். அம்மா மட்டும் திரும்பியே பார்க்க மாட்டார். நான் எதைக் காட்டினாலும் ஒரே பதில்தான்.

“அடுத்த சம்பளத்துக்குக் கேளு. அப்பவும் ஆச இருந்தா பாப்போம்.”

அடுத்த சம்பளத்துக்குள் பல ஆசைகள் எனக்கே மறந்துபோகும். எனக்கு மறக்காதவற்றை அம்மா மறந்துவிடுவார்.

போகப்போக அந்தக் கிறுக்கு எனக்கும் பிடித்துக்கொண்டது. மாமா ஒரு சுருள் கடலை வாங்கினால்கூட “இப்ப இது எதுக்கு?” என்பேன். “கணக்கப்புள்ள வருது, காச ஒளிச்சு வைங்க” என்று அவர் கேலி செய்வார். எனக்கோ பெருமை தாங்காது.

எனக்குப் பத்து வயதானபோது அம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. ஸ்கேனுக்கும் மருந்துக்கும் என்று மாதக்கணக்கில் சேர்த்த காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என்னையும் பலாங்கொடை டவுனுக்குக் கூட்டிப்போனார். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் பேசத் தொடங்கியதும் அம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டார். வெகு நேரம் கழித்து வந்தவரின் கையில் வலி மாத்திரை எழுதிய துண்டு மட்டும் இருந்தது. வேறு மருந்து எதுவும் எழுதவில்லையாம். முடிச்சில் முக்கால்வாசிக் காசு மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அம்மா சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போடும் வெள்ளைச் சப்பாத்து மூன்று சோடி எடுத்தார். ஒன்று என் காலுக்குச் சரி. அடுத்தது தளர்வாக இருந்தது. மூன்றாவது கழன்றே விழுந்தது. பிள்ளைக்குப் பெரிதாச்சே என்று கடைக்காரரே சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒன்னு போதும்மா. மத்தத அடுத்தடுத்த சம்பளத்துல வாங்கிக்கலாம். நீங்கதானே சொல்லுவீங்க?”

அம்மா கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே, “இன்னைக்கே வாங்கிருவோம் புள்ள” என்றார்.

வீண்செலவு செய்கிறார், எனக்குச் சொன்னதெல்லாம் பொய் என்று கோபம் தலைக்கேறியது. தோட்டம் வந்து சேரும்வரை பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அவர் என் தலையைத் தடவ வந்தபோது கையைத் தட்டிவிட்டேன்.

நான்கு மாதத்தில் அம்மா போய்விட்டார். மூன்றாவது சோடியைப் பதின்மூன்று வயதில் போட்டேன். அளவு கச்சிதமாக இருந்தது. அன்று பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த கணக்கப்பிள்ளைக்கு, அம்மா தன்னிடம் மிச்சமிருந்த சம்பள நாட்களை எண்ணிவிட்டுத்தான் கடைக்குள் நுழைந்தார் என்பது தெரியவில்லை.