மூடி போட்ட பித்தளைக் கிண்ணம்

அப்பா பிறந்த ஊரில் இப்போது ஆள் நடமாட்டமே இல்லை. தங்கச் சுரங்கத்தை மூடியதும் பிழைப்புத் தேடி பெங்களூருக்கு ரயிலேறியவர்கள் திரும்பிப் போகவில்லை. அப்பாவும் ஜோகுபாளையத்தில் வாடகைக்குக் குடியேறி, கம்பெனி கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. பேய் உலவும் ஊர் என்று எங்கோ படித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையே வண்டி ஓட்ட வைத்து எங்களைக் கூட்டிப்போனார்.

தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள் கூரையில்லாமல் நின்றன. உள்ளெல்லாம் முள்செடி. அப்பா ஒரு வீட்டைக் காட்டி இதுதான் என்றார். உள்ளே வரவில்லை. நானும் மாமாவும் வீட்டின் பின்பக்கத்து மண்ணைக் குச்சியால் கிளறினோம். வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று, ஓட்டை போட்ட வட்டத் தகடு ஒன்று, கீல் வைத்த மூடியோடு சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்று. கிண்ணத்தின் அடியில் ஏதோ எண் குத்தியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. புதையலே எடுத்துவிட்டதாக நம்பினேன்.

மாமா படமெடுத்து, பழம்பொருள் சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கொக்கி விளக்கு மாட்டுவதற்கு, தகடு சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் அடையாள வில்லை என்று உடனே பதில் வந்துவிட்டது. கிண்ணத்துக்குத்தான் ஆளுக்கொரு விளக்கம். சுண்ணாம்பு டப்பா என்றார் ஒருவர், சவரக் கிண்ணம் என்றார் இன்னொருவர். தங்கத்தூள் எடுத்துப்போகும் பாத்திரம் என்று யாரோ எழுதியது மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று.

"நீங்க பாத்திருப்பீங்களே மச்சான்?"

"தெரியலப்பா" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கம் புழங்கிய பாத்திரம் என்றதும் அம்மா அதைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். குங்குமம் நிரப்பி, சாமி அலமாரியில் லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதன் பெருமையைச் சொன்னாள்.

ஆடி வெள்ளி ஒன்றில் ஹெப்பகோடியிலிருந்து அப்பாவின் அக்கா வந்தாள். அம்மா கிண்ணத்தைத் திறந்து நீட்ட, அத்தையின் விரல் பாதியில் நின்றது. கிண்ணத்தைக் கையில் வாங்கி, மெல்லத் தூக்கி அடியைப் பார்த்தாள்.

"இது எங்கப்பா நம்பரு. அவரு எச்சி துப்புற டப்பாம்மா இது."

அம்மாவுக்கு விளங்கவில்லை. அவருக்கே தெரியாதாமே என்றாள். அத்தை உட்கார்ந்து சொன்னாள். தாத்தாவின் நெஞ்சில் படிந்தது சுரங்கத்துக் கல் தூசு. சுரங்கத்து ஆஸ்பத்திரியில் அதை டி.பி. என்று சொல்லி, துப்புவதற்கு இதைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு குழாயடியில் இவர்களைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை.

"தெனம் இத கழுவுனது உன் வூட்டுக்காரன்தான். அவனுக்கா தெரியாது?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

"தெரியும்க்கா. எங்கப்பா சாமான இவ சாமிகிட்ட வெச்சிருந்தா. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேன்."

அம்மாவின் காதில் டி.பி. என்ற சொல் மட்டும்தான் விழுந்திருந்தது. "இத்தன நாளா பொண்ணு நெத்தியில வெச்சிக்கிறத பாத்துக்கிட்டா இருந்தீங்க?" என்று கேட்டாள். செய்தித்தாளால் கிண்ணத்தைப் பிடித்து எடுத்துப்போய், தெருவில் நின்ற குப்பை வண்டியில் போட்டாள். அப்பா தடுக்கவில்லை. அத்தை சாப்பிடாமலே பஸ் ஏறினாள். அதன்பின் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. மாமா தன் குழுவில் சரியான விடையை எழுதி, பாராட்டு வாங்கினார்.

அந்த வருஷம்தான் அப்பா புதிதாகச் சாமி கும்பிட ஆரம்பித்திருந்தார். வேலைக்குக் கிளம்புமுன் அலமாரி முன்னால் நின்று, ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கிண்ணத்து மூடியைச் சத்தமில்லாமல் அழுத்தி மூடுவார். அம்மா எவர்சில்வர் சிமிழ் வாங்கி வைத்தபின் அவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. அப்பாவுக்குச் சாமி மேல் கோபம் என்று நினைத்து, அவருக்காகவும் சேர்த்து நானே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.