சத்தம் அடங்கிய திசை

கண்ணாடிக்கடையில் வேலை பார்த்த காலமெல்லாம் அவளுக்குப் பவர் அக்கா என்றுதான் பெயர். கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பாள், தேய்த்ததை மெஷினில் வைத்துப் பவர் சரிபார்ப்பாள். வாடிக்கையாளர் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் அவள் கைபட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவள் கண்ணே மங்க ஆரம்பித்ததும், "இனிமே நான் பாத்து குடுத்தா பஸ்ஸுக்குப் பதிலா லாரியில ஏறுவீங்க" என்று சிரித்தபடி வேலையை விட்டாள்.

அதே வருஷம் அவள் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆனார். வெளியூர் பஸ் டிரைவர். வீட்டில் இருக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், சமையலறை அலமாரியை முழுசாகக் கலைத்து உயர வரிசைப்படி அடுக்கிவைத்தார். அன்றைக்கு டீயில் உப்பு விழுந்தது. அதில் வந்த மனத்தாங்கல் பெரிதாகவும் வளரவில்லை, தீர்ந்தும் போகவில்லை. சாப்பாடு எடுத்து வச்சிருக்கு, மாத்திரை போட்டாச்சு என்ற அளவில் பேச்சு நின்றுபோனது. அவர் ஜன்னலோர நாற்காலியில், அவள் உள்ளறையில்.

மகன் வேலைக்காக வெளியூர் போனபோது எலெக்ட்ரிக் கிட்டாரையும் அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியையும் விட்டுப் போயிருந்தான். ஒரு மத்தியானம் தூசி தட்டப் போனவள், என்னதான் ஆகும் பார்ப்போம் என்று வயரைச் செருகி சுவிட்சைப் போட்டாள்.

ம்ம்ம் என்று ஒரு முனகல் எழுந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் யாரோ வாய் திறக்காமல் பாடுகிற மாதிரி. அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கம்பியில் விரல் பட்டால் முனகல் கொஞ்சம் தணிந்தது, எடுத்தால் ஏறியது. வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறும்வரை விரலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு மத்தியானம் ஆனால் கை பரபரத்தது. போனில் மகனிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சுரமாகப் பிடித்தாள். முனகல் மட்டும் வழிவிடவில்லை. மெல்லிய சுரம் எதை வாசித்தாலும் அதற்குள் முழுகிப்போனது. போதாததற்கு வயர் அசைந்தால் சடசட, வால்யூம் குமிழைத் திருகினால் கரகர. மெல்லிய கம்பி வேறு கழுத்துக் கட்டையில் உரசி ஈ மாதிரி ரீங்கரித்தது.

ஒருநாள் அவள் வீட்டுக்காரர் வாசல் நிலையில் வந்து நின்றார்.

"பழைய வண்டி மாதிரி எல்லா பக்கமும் சத்தம் வருதே. ஹாரன் ஒண்ணுதான் பாக்கி."

"முடிஞ்சா சரி பண்ணுங்க. இல்லன்னா காதுல பஞ்சு வச்சுக்குங்க."

அவர் போய் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்து வந்தார். வயர் செருகும் இடத்தில் நட்டு தளர்ந்து உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. கம்பிக்கு ஈயப்பற்று வைத்து நட்டை இறுக்கினார். குமிழுக்குள் அழுக்கு நீக்கும் ஸ்ப்ரே அடித்து முன்னும் பின்னும் திருகினார். கம்பி தாங்கியின் சின்ன திருகை அவர் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த, அவள் கம்பியைத் தட்டிக்கொண்டே, "இன்னும் ஒரு இழை... போதும்" என்றாள். ஈ பறந்துபோனது. முனகல் போகவில்லை.

மகனுக்குப் போன் போட்டார்கள்.

"கிட்டார் வால்யூமைச் சுத்தமா குறைச்சா சத்தம் நிக்குதாம்மா?"

"நிக்குது."

"அப்ப ஆம்ப் நல்லாத்தான் இருக்கு. கிட்டார்ல கம்பிக்கு அடியில இருக்கிற காயில்தான் ரேடியோ ஏரியல் மாதிரி வீட்டு கரண்டோட இரைச்சலை இழுக்குது. எதுலேர்ந்து வருதுன்னு ஒண்ணொண்ணா அணைச்சுப் பாருங்க."

அவர் ஃபேனை அணைத்தார், டியூப் லைட்டை அணைத்தார், ஃப்ரிட்ஜை அணைத்தார். முனகல் அசையவில்லை. பொறுமை இழந்து வெளியே போய் மெயினையே இறக்கிவிட்டு வந்தார்.

"இப்ப பாரு, போயிடுச்சு."

"போயிடுச்சு. ஆம்ப்பும் சேர்ந்து போயிடுச்சு."

அவர் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவர் மறுபடி மெயினை ஏற்றியதும், முதுகு வலிக்கிறதென்று அவள் லேசாகத் திரும்பி உட்கார்ந்தாள். முனகல் மெலிந்தது. திரும்ப பழையபடி உட்கார்ந்தாள், தடித்தது. கடையில் சில லென்ஸ்கள் இப்படித்தான். வட்டமாகச் சுழற்றிக்கொண்டே போனால் ஒரே ஒரு கோணத்தில் கோணல் கோடு நேராக நிற்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கிட்டாரோடு சேர்ந்து தானும் நாற்காலியில் இம்மி இம்மியாகத் திரும்பினாள். முனகல் நூலாகி, இழையாகி, ஓரிடத்தில் இல்லாமல் போனது.

கண் திறந்தாள். திறந்திருந்த கதவு வழியே நேர் எதிரே கூடத்து ஜன்னல், அவருடைய நாற்காலி. அவர் அதில் போய் உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுந்து அந்தப் பக்கம் போயிடட்டுமா?"

"எதுக்கு? உக்காருங்க."

அதற்குப் பின் மத்தியானங்கள் அப்படியே அமைந்துவிட்டன. முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பது? முதலில் மகனைப் பற்றி, பிறகு முழங்கால் வலியைப் பற்றி. ஒருநாள் அவர், அவள் கேட்காமலே, ஏரிக்கரைச் சாலையைப் பற்றிச் சொன்னார். விடியும் முன்னே ரோடு முழுக்கப் பனி இறங்கியிருக்குமாம். பஸ்ஸில் அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்களாம். தண்ணீர் மேல் போகிற மாதிரி இருக்குமாம். யாரும் முழித்துவிடக் கூடாதே என்று பிரேக்கைக்கூடத் தடவித்தான் போடுவாராம்.

இத்தனை வருஷத்தில் இதை அவள் கேட்டதில்லை. மெல்லிய கம்பியில் ஒரு சுரம் வைத்தாள். அது கரைவதற்குள் இன்னொன்று. சுற்றிலும் வேறு சத்தமே இல்லை.

அவர் கண்ணை மூடி, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை மடியில் வட்டமாகப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா," என்றார். "இங்க ஒரு வளைவு வரும். இன்னும் கொஞ்சம் மெதுவா."