தாய்லாந்துக் கோரை

கொழும்பில் மண்ணையும் கடையில்தான் வாங்க வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும்; எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெள்ளவத்தையில் நானும் என் கணவரும் வேலைக்கு நின்ற பிளாட்டின் கமிட்டித் தலைவி ஒருநாள் இவரைக் கூப்பிட்டு மண் வாங்கிவரச் சொன்னார். லொறி பிடிக்க வேண்டுமா என்று இவர் கேட்டார். கடைசியில் காலி வீதிக் கடையிலிருந்து ஓட்டோவில், மடியில் இரண்டு காலடியில் இரண்டாக நாலு பை மண்ணுடன் வந்து இறங்கினார். பையில் ரோசாப்பூப் படம், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு வெள்ளைக்காரி. எங்கள் கிளிநொச்சி மண்ணைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

சிரிக்கும்படி அந்த மண்ணும் நடந்துகொள்ளவில்லை. ஒரு போகம் உரம் இல்லை என்றார்கள். அடுத்த போகம் உரம் வந்தது. கூடவே வெள்ளமும் வந்தது. அதற்கடுத்த போகம் எல்லாம் ஒழுங்காக வந்தன, நெல்லுக்கு விலை மட்டும் வரவில்லை. விவசாயி நாட்டின் முதுகெலும்பு என்று மேடைகளில் பேசுகிறார்கள். பின்பக்கம் இருப்பதால்தான் எங்களை ஒருவருக்கும் தெரிவதில்லை போலும். வயலையும் வீட்டையும் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது வயது மகள் மதுராவுடன் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரரின் முன்னறையில் வந்து ஒதுங்கினோம்.

வேலை தேடப் போனதும் மூன்று பேராகத்தான். எங்கள் பக்கத்தில் வெங்காயம் கிண்ட ஆள் கேட்டால் ஒரு ஆளைக் கேட்பதில்லை, ஒரு வீட்டைக் கேட்பார்கள். புருசன் கிண்டுவான், பெண்சாதி பிடி கட்டுவாள், பிள்ளை நிழலில் இருந்து தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல். அந்த வழக்கத்திலேயே குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, பிள்ளைக்கு இரட்டைப் பின்னலும் பின்னிக்கொண்டு ஒரு புடைவைக் கடைக்குள் நுழைந்தோம். முதலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "வேலைக்கோ வந்தனீங்கள்? நான் கலியாணத்துக்குச் சீலை எடுக்க வந்த ஆக்களெண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "ஒரு ஆள்தான் வேணும். அதுவும் குடும்பம் இல்லாத ஆளா இருந்தா நல்லம்" என்றார். கொழும்பில் எல்லாருக்கும் கை மட்டும்தான் தேவை. கையோடு சேர்ந்து வரும் மனிசரை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

காவல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு கந்தோருக்கும் போனோம். அங்கிருந்த ஐயா நல்ல மனிதர். "சிங்ஹல தன்னவத, மல்லி?" என்று இவரிடம் கேட்டார், சிங்களம் தெரியுமா தம்பி என்று. "டிக டிக" என்றார் இவர், கொஞ்சம் கொஞ்சம் என்று. முன்பு எங்கே காவல் இருந்தாய் என்றதற்கு, வயலில் யானைக்குக் காவல் இருந்ததைத் தன் டிக டிக சிங்களத்தில் விளக்கினார். வெடி கொளுத்தும் இடத்தைக் கையால் நடித்தே காட்டினார். நான்தான் முழங்கையால் இடித்து நிறுத்தினேன். "மெஹே அலி நே" என்று அந்த ஐயா சிரித்தார். இங்கே யானை இல்லையாம். எங்களுக்கு வேலையும் இல்லை.

அலைந்து களைத்துப்போன பிறகுதான் வெள்ளவத்தைப் பிளாட் அகப்பட்டது. கமிட்டித் தலைவி தவமலர் மிஸ், ஓய்வுபெற்ற ஆசிரியை. கேற்றும் தண்ணீர்ப் பம்பும் குப்பையும் இவருக்கு, ஐந்து மாடிப் படியும் எனக்கு. சம்பளத்தைவிடப் பெரிய விசயம், பம்புக்குப் பக்கத்தில் ஒரு அறை. பம்பு ஓடும்போது சுவர் நடுங்கும், கருவாடு பொரிக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் இருந்தது. இருந்தாலும் அந்த அறை ஒரு விலாசம். அதைக் காட்டித்தான் மதுராவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மூன்று பேரும் ஒரே பாயில் படுத்தோம். அந்த அறை போனால் மூன்று பேரும் மூன்று திக்கில் நிற்போம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மிஸ் அவுஸ்திரேலியாவில் மகளிடம் போய் வந்ததிலிருந்துதான் மொட்டைமாடியில் தோட்டம் என்ற எண்ணம் பிறந்தது. பை மண் வந்தது, பூச்சாடிகள் வந்தன, நாலு மிளகாய்க் கன்று வந்தது. பிறகு ஒரு வான் வண்டியில் ஏதேதோ செடிகள் வந்து சுவரோரம் வரிசையாக நின்றன. ஒரு கலியாணத்துக்குத் திருகோணமலை புறப்பட்ட மிஸ் போகும்போது, "தம்பி, உங்கட சொந்த வயல் மாதிரி நினைச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கொழும்பில் இப்படி வாயளவில் பல சொல்வார்கள். இவர் அப்படியே நினைத்துவிட்டார்.

மிஸ் திரும்பி வந்த அன்று நானும் மேலே நின்றேன். சுவரோரச் சாடிகளில் ஒன்றிலும் செடி இல்லை. மண் பொடிபொடியாகக் கிளறப்பட்டிருந்தது. பிடுங்கிய புல் வேரும் கிழங்குமாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இவர் பரிசு வாங்க வந்த பிள்ளைபோல நின்றார்.

"மிஸ், எல்லாச் சாடியிலயும் கோரை ஏறியிட்டுது. கிழங்கோட எடுத்திட்டன். இனி முளைக்காது. வெண்டி போட்டிருக்கிறன்."

மிஸ் காய்ந்த புல்லில் ஒரு பிடியை அள்ளி எடுத்தார். "ஐயோ தம்பி, அது டெக்கரேசன் புல்லு! தாய்லாந்தில இருந்து வந்தது!"

"இல்ல மிஸ், கோரைதான்" என்றார் இவர், ஆறுதல் சொல்வதுபோல. "எங்கட வயலுக்கையும் உதுதான்."

கோரையும் விமானத்தில் வரும், அதை வாங்கவும் ஆள் இருக்கிறது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? பரம்பரை பரம்பரையாக இடுப்பு ஒடியப் பிடுங்கி வரம்பில் எறிந்திருக்கிறோம். அதைச் சாடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தால் இன்றைக்குத் தவமலர் மிஸ் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பார். அன்றிரவு இதைச் சொல்லிச் சொல்லி நானும் இவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் சிரிப்பு மேலே கேட்டதோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஏஜென்சியிலிருந்து ஆள் எடுக்கலாம், தனி ஆள், குடும்பம் கிடையாது என்று முடிவானது. சேதி சொல்ல மிஸ்தான் வந்தார். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "மிஸ், வேலையை எடுங்கோ, அறையை மட்டும் பள்ளிக்கூடத் தவணை முடியும் வரைக்கும் விடுங்கோ. பிள்ளைக்குச் சோதனை வருது. நான் சும்மாவே படி கூட்டித் தாறன்" என்று கெஞ்சினேன். மிஸ்ஸின் கண் கலங்கியது உண்மை. "நான் என்ன பிள்ளை செய்யிறது, கமிட்டி முடிவு" என்றார். அந்தக் கமிட்டியில் மிஸ்ஸுக்குப் பயப்படாத ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு பையிலிருந்து மதுராவுக்கு ஒரு சொக்கிலேட் எடுத்துக் கொடுத்தார். அவள் தாங்க்யூ சொன்னாள்.

இப்போது இவர் மட்டக்குளியில் ஒரு ஸ்டோரில் மூட்டை இறக்குகிறார், இரவில் அங்கேயே படுக்கை. மூட்டையெல்லாம் வெளிநாட்டு வெங்காயமாம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டில் தங்கிச் சமைக்கிறேன். பிள்ளையை வைத்திருக்க இரண்டு இடத்திலும் அனுமதி இல்லாததால், ஊரில் இவருடைய அக்கா வீட்டில் விட்டிருக்கிறோம். மச்சாளுக்கு ஒன்றரை அறை வீடும் நாலு பிள்ளைகளும். இதையும் முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும். ஒரு குடும்பமாக இருந்த நாங்கள் இப்போது மூன்று விலாசக்காரர்.

போன கிழமை மதுரா ஃபோனில் கேட்டாள்.

"அம்மா, பொங்கலுக்கு ரெண்டு பேரும் வருவீங்களோ?"

"ஓம் குஞ்சு, லீவு தந்தா கட்டாயம் வருவம்."

"வந்தா எங்க நிப்பீங்கள்? மாமி வீட்டில படுக்க இடமில்லையே."

அடுப்பில் பருப்புப் பொங்கியது, அதைப் பார்ப்பதாகப் பாவனை செய்தேன். பெரிய மனிசியைப்போல அவளே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"அம்மா, எங்கட வீட்டில குத்தகைக்கு இருக்கிற ஆக்கள் நல்லவை. ரெண்டு நாளைக்கு உங்களுக்கு இடம் தருவினமோ எண்டு நான் கேட்டுப் பார்க்கட்டோ?"

"மரியாதையாக் கேளம்மா" என்றேன்.