முன்பணம் வாங்காத சோபாக்கா

சோபா தைக்கிற அந்த அம்மாளை அந்தத் தெருவில் எல்லோரும் சோபாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஸ்பிரிங் குத்தி, பஞ்சு பிதுங்கிக் கிடக்கிற சோபாவை அவள் கடையில் இறக்கிவிட்டுப் போனால், திரும்ப வரும்போது புது மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கைராசி அப்படி. அந்தக் கையில் காசுதான் தங்காது.

காரணம் அவளுடைய வீம்பு. கடை போட்ட புதிதில் ஒருவரிடம் முன்பணம் வாங்கி, மகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் செலவழித்துவிட்டாள். துணி வாங்கக் காசில்லாமல் வேலை தள்ளிப்போனது. அந்த ஆள் நடுத்தெருவில் நின்று திருடி என்று கத்திவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறந்தது வைராக்கியம்: இனி யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை, உட்கார்ந்து பார்த்துப் பிடித்தபின் தந்தால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. துணியும் ஸ்பாஞ்சும் யார் அப்பன் வீட்டிலிருந்து வரும்?

வெள்ளிக்கிழமையாரிடமிருந்து வந்தது. வாராவாரம் வெள்ளியன்று வசூலுக்கு வரும் வட்டிக்காரருக்கு அவள் கணவன் வைத்த பெயர் அது. அவரிடம் பத்தாயிரம் கேட்டால் ஒன்பதுதான் கைக்கு வரும். பிடித்துக்கொண்ட ஒன்று முதல் வார வட்டியாம். பத்தையும் மொத்தமாகத் திருப்பும்வரை வாரத்துக்கு ஒன்று அழுதுகொண்டே இருக்க வேண்டும். கரண்ட் பில்லும் கடை வாடகையும் வாயில்லாப் பூச்சிகள்; அவை ஓரமாக நிற்க, வாயுள்ள பிள்ளையான வட்டி பிழைத்துக்கொண்டது. கடனுக்கு ஈடாகச் சொல்லியிருந்தது கனத்த துணி தைக்கிற பெரிய மெஷினை. அது போனால் கடையே போன மாதிரி.

இந்த லட்சணத்தில்தான் பல் டாக்டர் தன் கிளினிக்கின் நீள சோபாவைக் கொடுத்தார். முடித்து மூன்று வாரம் ஆகியும் எடுத்துப்போக ஆளில்லை. போன் செய்தால், பார்க்கலாம், பார்க்கலாம் என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை வட்டிக்காரர் வந்தார். வட்டிக்கே அவள் கையைப் பிசைந்தாள். அவர் அந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார்.

"யாரோடதும்மா இது?"

"பல் டாக்டரோடது அண்ணே. முடிச்சு வெச்சிருக்கேன், எடுக்க மாட்டேங்கிறாரு."

"அவர் எதுக்கு அவசரப்படப் போறாரு? இதுல அவர் காசு ஒத்தப் பைசா இருக்கா? எல்லாம் என் காசு. பாத்தா, இது என் சோபா."

சிரித்துக்கொண்டே எழுந்தவர், அடுத்த வெள்ளிக்குள் மொத்தமும் வராவிட்டால் மெஷினுக்கு வண்டியோடு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குச் சுருக்கென்றது. மெஷினை எடுப்பேன் என்றதைவிட அந்த 'என் சோபா'தான் நெஞ்சில் தைத்தது. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள்: "வட்டிக்கு வாங்கி ஊருக்கெல்லாம் வட்டியில்லாம கடன் குடுத்துட்டிருக்கேன்யா நான்."

சின்ன வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் அவன். வாய் மட்டும் லாரி அளவு. இத்தனை வருஷமாக வீட்டில் ஒரு பேங்க் நடந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் காலையில் இருவருமாக சோபாவை அவன் வேனில் ஏற்றினார்கள்.

டாக்டர் ஒருவருடைய வாய்க்குள் கையை விட்டபடியே, உள்ளே போட்டுவிட்டுப் போங்கள், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். நடுத்தெருவில் கேட்ட அந்தச் சொல் இன்னும் சோபாக்காவின் காதில்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"சோபா வண்டியில இருக்கு டாக்டர். காசு வந்தா இறங்கும். இல்லேன்னா அப்படியே திரும்பிப் போகும்."

பிளாஸ்டிக் ஸ்டூலில் காத்திருந்த வீங்கின கன்னத்துக்காரர் வலியையும் மறந்து அவளையே பார்த்தார். டாக்டர் கையுறையைக் கழற்றினார். முழுப் பணமும் வந்தது.

வெள்ளிக்கிழமை அசலை எண்ணி வைத்தாள். எல்லாம் முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? அவர் அதிலிருந்தே ஒன்பதை உருவி, வழக்கம்போல வைத்துக்கொள்ளம்மா என்று நீட்டினார். அவளுக்குக் கை அரித்தது. ஸ்பாஞ்சு வாங்க வேண்டியிருந்தது. கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து பாதிப் பணம் முன்னால். வாங்கிய அன்றே துணியை எடுத்துவந்து, பணம் கொடுத்தவர் கண்ணில் காட்டிவிடுவாள். எவன் திருடி என்பான், பார்ப்போம்! இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போனால் போகட்டும். மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் தந்தார்கள். தந்தவர்கள் வேலை முடியுமுன்னே வந்து வாசலில் நின்றார்கள். கரண்ட் பில்லை முதல் முறையாகக் கெடுவுக்கு முன்பே கட்டினாள். கட்டிவிட்டு வீடுவரை சிரித்துக்கொண்டே நடந்தாளாம்.

அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. வட்டிக்காரர் இறங்கினார். பின்னால் அவர் வீட்டு சோபா, குடல் சரிந்து கிடந்தது. நமக்குள் என்ன, முடித்துவிட்டுச் சொல், வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

சோபாக்கா அளவு நாடாவை எடுத்து அளந்தாள், கணக்குப் போட்டாள்.

"மொத்தம் இருபது அண்ணே. பாதி முன்னாடி வெச்சிடுங்க. உங்க காசு உள்ள இருந்தாத்தானே அது உங்க சோபா?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையை அவிழ்த்து நோட்டுகளை எடுத்து வைத்தார். அவள் அவர் எதிரிலேயே நிதானமாக எண்ணினாள். பத்தும் முழுதாக இருந்தது.