எந்த ஊரிலும் ஆகாத சாப்பாடு

பினாங்கின் சூலியா தெருவில் கோய்த்தியோ என்னும் தட்டை நூடுல்ஸ் வறுக்கும் சீனரிடம் போய், "இதில் கந்தும் இருக்கிறதா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கேட்டேன். கந்தும் என்றால் கோதுமை. அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "பாபி தாடா! உடாங் சாஜா!" என்று சிரித்தார். பன்றி இல்லையாம், இறால் மட்டும்தானாம். கோய்த்தியோ அரிசியில் செய்வதுதானே என்று நம்பிச் சாப்பிட்டேன். அன்று பின்னேரமே வயிற்றைப் பிசைந்தது. எழும்ப முடியாமல் கிடந்தேன். அவர் ஊற்றிய கறுப்புச் சோயா சாற்றிலேயே கோதுமை சேர்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். சாப்பாட்டுக்குப் பேர்போன இந்தத் தீவில் அதன்பின் நான் வெளியே வாய் நனைத்ததில்லை.

எண்பதுகளில் கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். கணவர் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. பாயான் லெப்பாஸில் அவருக்குத் தொழிற்சாலை வேலை. ஊரில் நான் சிறு வயதிலிருந்தே நோஞ்சான். காலையில் பேக்கரிப் பாண், இரவில் கோதுமைமாப் பிட்டு. சாப்பிட்ட கையோடு வயிறு ஊதும், ஓடும். அம்மா பூச்சி மருந்து தந்தா, கோயிலுக்கு நேர்த்தி வைத்தா, பிறகும் அதே பிட்டைத்தான் ஊட்டினா. பினாங்கில் இரண்டு தரம் கரு கலைந்த பிறகே ஒரு மருத்துவர் குடலில் துளி சதை எடுத்துச் சோதித்து, சீலியாக் என்றார். கோதுமையும் பார்லியும் என் குடலைப் புண்ணாக்குகின்றனவாம். கரு தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாமாம். மருந்து இல்லை. உயிருள்ளவரை தொடக்கூடாது.

பாண், ரொட்டி, மீ நூடுல்ஸ் எல்லாவற்றையும் விட்டேன். அப்படியும் உடம்பு தேறவில்லை. ஒருநாள் கணவர் அடுப்படியில் பெருங்காய டின்னை எடுத்து வாசித்தார். அதிலும் கோதுமை மா கலந்திருந்தது.

"ரசத்துலயுமா? அப்ப நீ என்னதான் சாப்பிடுவ, சொல்லு?" என்றார். டின்னைத் தூக்கி எறிந்தோம். வயிறு கொஞ்சம் அடங்கியது. மூன்றாவது கருவும் தங்கவில்லை. அதன்பின் குழந்தைப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

ஊரில் நடந்த போருக்குள்ளால் கொழும்பு வந்து, அங்கிருந்து விமானமேறி அம்மா எங்களைப் பார்க்க வந்தா. உடுப்பைவிட, பயற்றமா உருண்டையை மாவில் தோய்த்துப் பொரித்த பயத்தம் பணியாரம்தான் பெட்டியில் அதிகம். வந்த களைப்போடு ஒன்றை என் வாயருகே நீட்டினா.

"அம்மா, மேல்மாவில கோதுமை போட்டனீங்களோ?"

"பின்னை? கோதுமைமா இல்லாமல் மா ஒட்டுமே?"

நோயை விளக்கினேன். அம்மாவின் முகம் இறுகியது.

"இவ்வளவு காலமும் அதைத் திண்டுதானே வளர்ந்தனீ? வெளிநாட்டுக்கு வந்தோண்ண என்ர கைச் சாப்பாடு நஞ்சாப் போச்சோ?"

"அப்பவும் அதுதானம்மா என்னை வருத்தினது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா நீட்டிய கையை எடுத்துக்கொண்டா. பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நீங்களாவது சாப்பிடுங்கோ, தம்பி" என்றா.

அவர் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, "நல்லா இருக்கு அத்தை" என்றார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. எங்கள் வளவுப் பயறு, உரலில் இடித்த கதை எல்லாம் அவருக்குச் சொல்லத் தொடங்கினா. யாழ்ப்பாணத்தை ஒருநாளும் கண்டிராத மனிதர் என் ஊரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். அங்கே பிறந்த நான், அவர் மடியில் சிந்தும் துகள் என் தட்டில் விழாதபடி கதிரையைத் தள்ளிப் போட்டு இருந்தேன்.